மஞ்சள் நீரும் கடவுச்சீட்டும்

யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்துத் தருமாறு ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் இட்ட கட்டளையை ஏற்று, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுதி ஒப்படைத்த ஏடே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு என்று காணியையும் பணத்தையும் பற்றியே பெரும்பாலும் பேசும் அந்நூலில், பிள்ளைப்பேறற்ற கணவனும் மனைவியும் பிறரது பிள்ளையொன்றைத் தம் பிள்ளையாக ஏற்கும் முறையும் சொல்லப்படுகிறது. அவர்கள் தம் சகோதர சகோதரியரையும் ஏனைய உரித்தாளரையும் கூட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதித்தோர் மஞ்சள் நீரில் விரல் தோய்ப்பர். அந்த நீரைப் பிள்ளையை ஏற்போர் அருந்துவர். நாவிதரும் சலவைத் தொழிலாளியும் சாட்சிகளாக நிற்பர். விரல் தோய்க்க மறுத்தவனுடைய உரிமை அவனை விட்டுப் போகாது.

இச் சடங்கில் அன்பைக் காட்டிலும் காணியே பெரிதாக நிற்கிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. முதுசம் யார் கையிற் போய்ச் சேரும் என்ற கவலையே மஞ்சள் நீரைக் கரைத்தது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இங்கே பிள்ளை ஒளிந்து வரவில்லை. பலர் அறிய, முற்றத்தில், இழப்பதற்கு ஏதேனும் உள்ளவர்கள் தம் கையாலேயே சம்மதம் தெரிவிக்க வந்தது. பெற்றவள் இன்னாள் என்பது ஊருக்குத் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

அதே தேசவழமையில் இன்னொரு பகுதியும் உண்டு. அது அடிமைகளைப் பற்றியது. அடிமைப் பெண்ணின் வயிற்றிற் பிறந்த பிள்ளை, தாயின் எசமானுக்கு உடைமை. அப்பிள்ளை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகையில் எவரும் எந்த நீரிலும் விரல் தோய்க்கவில்லை. சீதனத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பொருள்களுள் அதுவும் ஒன்று. பழைய வழமைகளின் பெருமையைப் பாட விரும்புவோர் முதற் பகுதியை மட்டும் வாசித்து ஏட்டை மூடிவிடுவர். 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இவ்விரு பகுதிகளும் ஒரே நூலில் அருகருகே உயிரோடிருந்தன. ஆகவே பிள்ளை கைமாறுவதற்கு எம் முன்னோர் இரு வழிகளை அறிந்திருந்தனர். ஒன்றிற் பிள்ளை உறவாயிற்று. மற்றதிற் பிள்ளை பண்டமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கைமாற்றம் கடல் கடந்தது. செல்வ நாடுகளின் பிள்ளையற்ற தம்பதியர் வறிய நாடுகளின் குழந்தைகளைத் தமதாக்கிக் கொண்டனர். முதல் வழியின் பெயரால், அதாவது உறவின் பெயரால், இது நடந்தது. நடந்ததை அறிய வேண்டுமாயின் அப்பயணங்களை நோக்க வேண்டும். யார் புறப்பட்டார், யாரைத் துணைக்கு அழைத்துச் சென்றார், யார் வரவேயில்லை என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

கொரியாவிலிருந்து தொடங்குவோம். 1953 இற் போர் ஓய்ந்தபோது அந்நாடு அநாதைகளால் நிறைந்திருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக் கமக்காரர் ஹரி ஹோல்ற். அவருக்கும் மனைவி பேர்த்தாவுக்கும் சொந்தப் பிள்ளைகள் அறுவர். கொரிய அநாதைகளைப் பற்றிய படமொன்றைக் கண்டு மனம் நெகிழ்ந்த அத்தம்பதியர் எண்மரைத் தமதாக்க முடிவு செய்தனர். ஒரு குடும்பம் இருவருக்கு மேல் ஏற்பதை அன்றைய சட்டம் அனுமதிக்காமையால், 1955 இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. ஹோல்ற் தாமே கொரியாவுக்குச் சென்று, தம் பிள்ளைகள் எண்மரையும் வேறு குடும்பங்களுக்கான நால்வரையும் அழைத்துக்கொண்டு அவ்வாண்டு ஒக்ரோபரில் ஊர் திரும்பினார்.

அம் மனிதரின் நல்லெண்ணத்தை ஐயுற எமக்குக் காரணமில்லை. ஆனால் அவர் திறந்த வழியிற் பின்னால் வந்தவை வேறு. பெற்றோர் பயணம் செய்யாமலே, பதிலாள் ஒருவர் மூலம், கொரிய மண்ணிலேயே மகவேற்பு முடிக்கப்பட்டது. குழந்தைகள் தொகையாக விமானத்தில் ஏற்றப்பட்டனர். அமெரிக்க விமான நிலையத்தில் காத்து நின்ற தாய், கைக்குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த துண்டைப் பார்த்துத் தன் பிள்ளையை அடையாளம் கண்டாள். 1961 இல் அமெரிக்கச் சட்டம் இறுகியது. பெற்றோர் குழந்தையை முன்னரே நேரிற் காணவேண்டும், அல்லது தம் மாநிலத்தில் மீண்டும் மகவேற்க வேண்டும் என்றாயிற்று. எனினும் பின்வந்த பல்லாண்டுகளிலும் கொரியக் குழந்தைகள் பெருவாரியாகத் துணையாளர் மடியிலேயே பறந்தனர். அத்துணையாளருள் குறைந்த கட்டணத்தில் விமானமேற விரும்பிய மாணவரும் வழிப்போக்கரும் இருந்தனர். பிள்ளையைப் பெற்றவளும் இல்லாத, வளர்க்கப் போகிறவளும் இல்லாத பயணம் அது.

அப்பிள்ளைகள் எல்லோரும் அநாதைகளா? இல்லை என்பது இப்பொழுது உலகறிந்த செய்தி. தாய் தந்தையர் உயிரோடிருக்கையிலேயே, குழந்தையின் பெயரில் தனிக் குடும்பப் பதிவேடு ஒன்று திறந்து, அதை உற்றார் எவருமற்ற அநாதை என எழுதிவிடுவது வழக்கமாயிருந்தது. அநாதை என்றாற் சம்மதம் கேட்க ஆளில்லை. கடவுச்சீட்டும் விரைவில் வரும். போர் முடிந்து முப்பது ஆண்டு கழிந்து, கொரியா தொழில்வள நாடாகி எழுந்துகொண்டிருந்த 1985 ஆம் ஆண்டிலேயே மிக அதிகமான குழந்தைகள் வெளியேறினர். அவ்வோராண்டில் மட்டும் 8,800 இற்கு மேல். வறுமை தணியத் தணிய ஏற்றுமதி பெருகியது. விவாகமாகாத தாய்மாருக்கு அரசு ஒரு சதமேனும் செலவிட விரும்பாததே இப்புதிருக்கு விடை. 1988 இற் சோல் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தபோது உலகப் பத்திரிகைகள் இதைச் சுட்டிக்காட்டிய பின்னரே ஆட்சியாளருக்கு வெட்கம் வந்தது. ஏறத்தாழ 200,000 பிள்ளைகள் போன பின், 2025 மார்ச்சில் அந்நாட்டு உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு, தன்னிடம் முறையிட்ட 367 பேருள் 56 பேரின் மனித உரிமைகள் மீறப்பட்டன என்றும் அரசே பொறுப்பு என்றும் கண்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஜனாதிபதி லீ ஜே மியுங் மன்னிப்புக் கோரினார்.

1975 ஏப்ரலில் சைகோன் வீழும் தறுவாயில் அமெரிக்கா நடத்திய குழந்தை விமானப் பயணத்தை ஒரு வரியிலேனும் குறிக்காது செல்ல இயலாது. ஏப்ரல் 4 ஆம் திகதி புறப்பட்ட முதல் விமானமே விழுந்து நொறுங்கிற்று. இறந்தோருட் பெரும்பாலோர் குழந்தைகளும் அவர்களை ஏந்திச் சென்ற பெண்களும். எஞ்சிய விமானங்கள் நின்றுவிடவில்லை.

இனிப் பெற்றோர் தாமே புறப்பட்டுச் சென்ற பயணங்களுக்கு வருவோம். காலத்தாற் பின்னதாயினும் சீனத்தை முதலிற் பார்ப்பது நன்று. உறவினரைத் துணைக்கழைத்துச் செல்லும் வழக்கம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கண்டபின் எமது நாட்டில் நடந்தது இன்னும் நன்கு விளங்கும்.

1992 இற் சீனத்தின் மகவேற்புச் சட்டம் அந்நியருக்குக் கதவைத் திறந்தது. அதன்பின் முப்பதாண்டுகளில் 160,000 வரையான பிள்ளைகள் வெளிநாடு சென்றனர். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. பெரும்பாலோர் பெண் குழந்தைகள். சீனம் குழந்தையை அனுப்பி வைக்கவில்லை. வந்து பெற்றுக்கொள் என்றது. ஆகவே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு குழுவாகக் கூடி, இரண்டு வாரம் தங்கும் ஆயத்தத்தோடு விமானமேறின. கணவன் வேலையை விட்டு வர இயலாத வீடுகளிலிருந்தும், மூத்த பிள்ளைகளைக் கவனிக்க ஒருவர் நின்றே ஆகவேண்டிய வீடுகளிலிருந்தும், கணவனேயில்லாத பெண்கள் தனித்து வாழ்ந்த வீடுகளிலிருந்தும் மனைவியோடு அவள் தாயோ தமக்கையோ புறப்பட்டாள். எம்மூரிற் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகளுக்கு அருகிருந்து செய்யும் அத்தனை வேலையும் அந்தத் துணைக்கு இருந்தது. பாற்போத்தலைக் கழுவுவது, இரவில் முறைவைத்து விழித்திருப்பது, நூற்றெட்டுப் படிவங்களைப் பத்திரப்படுத்துவது, முதன்முறை குழந்தையைக் கையில் வாங்கும் கணத்திற் கைநடுங்காமற் படம் பிடிப்பது, எல்லாம் அவள் பொறுப்பு. அந்நிய மொழியும் அந்நிய உணவும் சூழ்ந்த விடுதி அறையில், அலறும் ஒரு வயதுக் குழந்தையோடு தனித்திருக்கும் பெண்ணுக்கு உடன்பிறந்தவளின் கைத்துணை எத்துணை பெரிது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குழந்தை கைமாறுவது மாகாணத் தலைநகரில். பின்னர் அமெரிக்கர் யாவரும் நுழைவிசைவு பெறக் குவாங்சோ நகருக்கு வந்தாகவேண்டும். அங்கே சாமியான் என்னும் சிறு தீவு. அபினி யுத்தத்திற் சீனத்தைத் தோற்கடித்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமக்கென ஒதுக்கிக்கொண்ட இடம் அது. அத்தீவில் அமெரிக்கத் தூதரகக் கிளையின் அயலில் 1983 இல் எழுந்த வெள்ளை அன்னம் என்னும் பெருவிடுதியே மகவேற்போரின் தங்குமடமாயிற்று. அதன் செந்நிறச் சாய்மனையிற் குழந்தைகளை வரிசையாக இருத்திப் படம் பிடிப்பது சடங்காகிவிட்டது. விடுதியில் தங்கிய தம்பதியருக்கு அமெரிக்கப் பொம்மைக் கொம்பனியொன்று பரிசும் வைத்திருந்தது. பொன்னிறக் கூந்தற் பாபிப் பொம்மை, கையிற் சீனக் குழந்தையொன்று. பொம்மையின் பெயரே வீடு திரும்பல் என்பதாம். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குத் திரும்புதல் என்று பொம்மைக் கொம்பனி விளக்கவில்லை.

அந்தப் படங்கள் எவற்றிலும் பெற்றவள் இல்லை. இருக்கவும் முடியாது. 1980 தொடக்கம் 2015 வரை ஒரு குடும்பத்துக்கு ஒரு பிள்ளை என்ற விதி அந்நாட்டில் ஆண்டது. மேலதிகப் பிள்ளைக்குத் தண்டம். பிள்ளையைக் கைவிடுவதோ குற்றம். கைவிட்டவள் சந்தை வாசலிலோ பாலத்தடியிலோ குழந்தையை வைத்துவிட்டு, யாரேனும் எடுக்கிறாரா என்று மறைவில் நின்று பார்க்கலாமேயன்றி முகம் காட்ட முடியாது. இந்த மறைவினுள்ளே வாணிபம் நுழைந்தது. குழந்தையொன்றுக்கு அநாதை இல்லத்துக்கென 3,000 டொலர் நன்கொடை விதியாகவே இருந்தது. கண்டெடுத்தோருக்குப் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கி, வீதியிற் கிடந்தவை என்று பதிந்த செயல் ஹுனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதி இல்லங்களில் 2005 இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு பலர் தண்டனை பெற்றனர். விடுதியிற் பாற்போத்தல் கழுவிய தமக்கை இதையெல்லாம் எவ்வாறு அறிவாள்? 2024 இற் சீனம் இக்கதவை மூடிற்று. நெருங்கிய உறவினர் ஏற்பது மட்டும் விலக்கு.

சீனத்திற் பெற்றவள் மறைந்து நின்றாள். எமது நாட்டில் அவள் நீதிமன்றத்துக்கே வந்தாள். ஆனால் வந்தவள் அவள்தானா என்பதே கேள்வி.

இலங்கையின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் 1941 இற் பிறந்தது. மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையும் பெற்றோரின் சம்மதமும் அதற்கு வேண்டும். உள்ளூர்த் தேவைக்காக எழுதப்பட்ட அச்சட்டத்தின்மீது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஐரோப்பா வந்து இறங்கிற்று. 1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது; கடற்கரையெங்கும் உல்லாச விடுதிகள் எழுந்தன. விமானம் மலிந்தது. தம் நாட்டில் ஏற்பதற்குக் குழந்தை கிடையாத ஒல்லாந்தரும், சுவிற்சர்லாந்தரும், சுவீடனியரும், ஜேர்மனியரும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் சில வாரம் தங்கி, நீதிமன்றம் சென்று, குழந்தையோடு திரும்பினர். 1973 இற்கும் 1997 இற்கும் இடையிற் சுவிற்சர்லாந்துக்கு மட்டும் 881 பிள்ளைகள் போயினர். 1980களில் ஐரோப்பாவுக்குச் சென்றோர் 11,000 வரையாவர் என 2017 இல் வெளிவந்த ஒல்லாந்துத் தொலைக்காட்சி விவரணம் கணித்தது.

அத்தம்பதியரைக் கள்வர் என்பது நீதியன்று. அவர்களுட் பலர் தொழிலாளரும் ஆசிரியரும் சிறு உத்தியோகத்தரும். சேமிப்பைக் கொட்டி வந்தனர். நீதவான் கேட்டார், தாய் ஆம் என்றாள், முத்திரை விழுந்தது. இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். வாசலில் நின்று தாயோடு சேர்ந்து படமும் எடுத்துக்கொண்டனர். வெள்ளைத் துணியிற் சுற்றிய குழந்தை, கண்ணீரோடு அல்லது வெறித்த பார்வையோடு சேலை கட்டிய இளம்பெண், நடுவில் வெயிலாற் சிவந்த முகங்கள். ஐரோப்பிய வீடுகளின் எத்தனையோ தொகுப்பேடுகளில் இப்படங்கள் உள்ளன. பிள்ளை வளர்ந்து யார் என் தாய் என்று கேட்கும்போது காட்டுவதற்காகப் பத்திரப்படுத்தியவை.

அப்பெண்களுள் எல்லோரும் தாய்மார் அல்லர். பணத்துக்குத் தாய் வேடமேற்றவர்களும் இருந்தனர் என்பதை அந்த விவரணமும் பின்வந்த விசாரணைகளும் வெளிக்கொணர்ந்தன. குழந்தை இறந்துவிட்டதென வைத்தியசாலையிற் சொல்லப்பட்ட தாய்மாரும் உண்டு. தரகர், வாகனச் சாரதி, தாதி, எழுதுவினைஞர், சட்டத்தரணி என்று நீண்ட சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கூலி. 1987 இற் பொலிசார் கொழும்புக்கு அண்மையிற் புகுந்த ஓரிடத்திற் சிசுக்களும் பெண்களும் சிறைக்கு ஒப்பான நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். குழந்தைப் பண்ணை என்ற கொடிய சொல் அப்பொழுதே எம் செய்தித்தாள்களில் இடம்பெறலாயிற்று. அவ்வாண்டே வெளிநாட்டு மகவேற்பைத் தற்காலிகமாக நிறுத்தினர். 1992 இற் சட்டம் திருத்தப்பட்டது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள ஆணையாளர் வழியாகவன்றி அந்நியர் பிள்ளை ஏற்க முடியாதென்றாயிற்று.

பண்ணை என்ற சொல்லை ஒருகணம் நிறுத்திப் பார்ப்போம். பண்ணையில் விளைவது பண்டம். தேசவழமையின் இரண்டாம் பகுதி, நீதிமன்ற முத்திரை தாங்கி மீண்டும் நடமாடியது என்றே நாம் கருதுகிறோம். உறவின் சடங்கு முழுவதும் அங்கே இருந்தது: சாட்சி, சம்மதம், ஏடு, நீதவான். மஞ்சள் நீரில் விரல் தோய்க்க வேண்டியவள் மட்டும் இல்லை. அவளுக்குப் பதிலாக வேறொருத்தியின் விரல்.

உண்மையிலேயே தன் பிள்ளையைக் கொடுத்தவள் யார்? தென்னிலங்கைக் கிராமத்துக் கூலிப்பெண், பட்டணத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டவள், காதலன் கைவிட்டவள், கணவன் போனபின் நான்கு பிள்ளைகளோடு நின்றவள். மலையகத் தோட்டப்பெண்களும் இவர்களுள் அடங்குவர். அவர்கள் நிலையில் ஒரு விசித்திரம் உண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களுள் பல்லாயிரவர் எண்பதுகளிலும் நாடற்றவராகவே இருந்தனர். அக்குறை சட்டத்தால் முற்றத் தீர்வதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்று தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தும் ஒரு நாட்டின் பத்திரம் பெறாதவளின் மகவுக்குச் சில வாரங்களிற் பத்திரம் கிடைத்தது. பிள்ளை குடியுரிமை பெறுவதற்குத் தாயை விட்டு நீங்கவேண்டியிருந்தது.

இங்கேதான் துணை என்னும் விடயம் எம்மை உறுத்துகிறது. பிள்ளையை வாங்க வந்தவளுக்குத் துணையிருந்தது. கணவனோ தாயோ தமக்கையோ அருகில் நின்றனர். ஊர் திரும்பினால் விமான நிலையத்திற் சுற்றமே மலர்க்கொத்தோடு நிற்கும். பிள்ளையைக் கொடுக்க வந்தவள் தனியே வந்தாள். அல்லது தரகனோடு வந்தாள். அவளுடைய தாய் எங்கே? தமக்கை எங்கே? பலருக்கு அவர்களே முதலிற் கதவடைத்தவர்கள். விவாகமின்றிக் கருவுற்ற மகளை ஊர் அறியுமுன் எங்கேனும் அனுப்பிவிடத் துடித்த குடும்பங்களே தரகனுக்கு வழி காட்டின. அந்நிய முதலாளித்துவத்தின் கொடுமை என்று மட்டும் சொல்லி நாம் தப்பிக்கொள்ள முடியாது. வாங்கிய கை வெளியிலிருந்து வந்தது. தள்ளிய கை எமது வீட்டினுடையது. குடும்ப மானம் என்று நாம் போற்றும் பொருளின் விலை என்னவென்று எவரேனும் கேட்டால், அதற்கொரு சந்தை விலையே எண்பதுகளில் இருந்தது.

பெற்றவளின் குரல் இலக்கியத்திலும் அருகியே கேட்கிறது. கண்ணனைப் பாடியோர் பெரும்பாலும் யசோதையின் நாவாற் பாடினர். தாலாட்டும் பூச்சூட்டலும் அவளுக்கே. குலசேகராழ்வார் ஒருவரே, பிள்ளையின் தளர்நடையையும் மழலையையும் காணாதொழிந்த தேவகியின் புலம்பலை ஒரு பதிகமாக்கினார். வகுப்பில் அப்பதிகத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம் மாணவர் அமைதியாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். எங்கள் இலக்கியத்தில் ஆயிரம் யசோதையருக்கு ஒரு தேவகி. நீதிமன்றக் கோவைகளில் அதுவும் இல்லை.

அரசுகள் அறிந்திருக்கவில்லையா என்றால், அறிந்தேயிருந்தன. 1980களின் தொடக்கத்திலேயே கொழும்பிலிருந்த சுவிற்சர்லாந்துத் தூதரகம் குழந்தை வாணிபம் பற்றித் தன் தலைநகருக்கு எழுதியது. எழுதியபின்னும் நுழைவிசைவுகள் வழங்கப்பட்டன. 2020 இல் வெளியான ஆய்வு இதை வெளிப்படுத்தியது. தாயின் சம்மதப் பத்திரம் இல்லாத கோவைகளும் முத்திரை பெற்றிருந்தன. கூட்டாட்சிப் பேரவை வருத்தம் தெரிவித்தது. ஒல்லாந்தில் 2021 பெப்ரவரியில் அரசு நியமித்த குழு, இலங்கை, இந்தோனேசியா, வங்காளதேசம், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து 1967 தொடக்கம் 1998 வரை நடந்தவற்றை ஆராய்ந்து, முறைகேடு ஆங்காங்கு நேர்ந்த தவறன்று, அமைப்பிலேயே ஊறியது என்றது. அன்றே அந்நாடு வெளிநாட்டு மகவேற்பை நிறுத்திவைத்தது. பின் சிறிது தளர்த்தி, 2024 இல் படிப்படியாக முற்றாக நிறுத்த முடிவு செய்தது. 2025 ஜனவரியிற் சுவிற்சர்லாந்தும் அதே நோக்கத்தை அறிவித்தது.

ஒரு செய்தி எம் கவனத்தைக் கவர்கிறது. வெளிநாட்டு மகவேற்பை நெறிப்படுத்தும் ஹேக் உடன்படிக்கை 1993 மே மாதம் எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வர மூன்று நாடுகளின் ஏற்பு வேண்டும். முதலில் ஏற்ற மூன்று நாடுகள் மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை. மூன்றும் பிள்ளைகளை அனுப்பிய நாடுகள். 1995 மே 1 ஆம் திகதி, உழைப்போர் திருநாளன்று, உடன்படிக்கை உயிர்பெற்றது. ஒல்லாந்து 1998 இலும் சுவிற்சர்லாந்து 2003 இலும் அமெரிக்கா 2008 இலுமே அதனுட் புகுந்தன. பறிகொடுத்தவர் முதலிற் கதவைப் பூட்ட வந்தனர். பெற்றுக்கொண்டவர் ஆறுதலாக வந்தனர்.

இப்பொழுது பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. அன்று கைக்குழந்தையாய்ப் போனவர்கள் நாற்பது வயதை எட்டியும் கடந்தும் கட்டுநாயக்காவில் வந்து இறங்குகிறார்கள். இவர்களுக்கும் துணை உண்டு. சிலர் கணவனோடு, சிலர் தம் பிள்ளைகளோடு. வளர்த்த தாயே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்றவளைத் தேடி இரண்டாம் முறையும் அதே விமான நிலையத்துக்கு வருவதும் உண்டு. முதற் பயணத்தில் வாங்கிய பத்திரக் கட்டு அவள் பையில் இருக்கிறது. பிறப்பத்தாட்சியிற் கண்ட ஊருக்குப் போகிறார்கள். கிராம சேவகரைக் கேட்கிறார்கள். வைத்தியசாலைப் பழைய ஏடுகளைப் புரட்ட அனுமதி கேட்கிறார்கள். சிலவேளை தாய் கிடைக்கிறாள். சிலவேளை அந்தப் பெயரில் ஒருத்தி இருக்கிறாள். தான் ஒருபோதும் பிள்ளை கொடுக்கவில்லை என்கிறாள். சிலவேளை படத்திலிருந்த பெண்ணையே கண்டுபிடிக்கிறார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அன்று எனக்குக் கூலி தந்தார்கள் என்கிறாள்.

பத்திரம் பொய்த்தபின் எஞ்சியிருப்பது குருதிச் சோதனை. மரபணுவை ஒப்பிட்டுத் தாயையும் பிள்ளையையும் சேர்க்கும் ஏற்பாடொன்று செய்யப்படும் என்று 2017 இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ஒல்லாந்துத் தொலைக்காட்சியில் உறுதியளித்தார். பிள்ளைகளோ அரசை நம்பிக் காத்திராது, தாமே சங்கங்கள் அமைத்து, சோதனைக் கருவிகளைப் பையிற் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிகின்றனர். தாய்மார் இரகசியமாகவே வருகின்றனர். நாற்பதாண்டாகக் கணவனும் அறியாத பிள்ளை அது. ஒரு துளி உமிழ்நீரைக் கொடுத்துவிட்டு, முடிவை வீட்டு விலாசத்துக்கு அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றனர்.

1984 இல் இருபது வயதில் ஈன்றவளுக்கு இன்று அறுபது கடந்துவிட்டது.